முதல் இரண்டு எழுத்து

இன்று அலமாரியைத் துடைக்கும்போது பழைய ஃபிளாப்பி ஒன்று பூச்சி உருண்டை வாசனையோடு கைக்கு வந்தது. மேலே உன் கையெழுத்து: "BAPA வேண்டாம், AYAH."

சித்தியவான் பக்கம் நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது, அங்கிருந்த குடும்பங்களுக்கு வீடு கொடுக்க விவரம் கேட்டார்கள். ஈப்போவில் நீ வேலை பார்த்த அலுவலகத்தின் பெரிய கணினிக்கு நீ கோபோல் மொழியில் நிரல் எழுதினாய். நான் பாடம் நடத்திய பள்ளியின் சின்னக் கணினியில், பேசிக் மொழியில் நிரல் எழுதி விவரங்களைப் பதிந்தேன். நிரலுக்குள் எல்லாம் மலாய்ச் சொற்கள்: தகப்பன் பெயர் இருக்கும் இடத்துக்கு BAPA, தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்து வரிசைக்கு BARIS. நீ வைத்த பெயர்களையே நானும் வைத்தேன்.

அச்செடுத்துத் தோட்டத்தில் படித்துக் காட்டினேன். பால் வெட்டும் அக்கா ஒருவர் நிறுத்தினார். "டீச்சர், எங்கப்பா பேரு கோயில் வரிசையா? அவரு செத்து எத்தன வருசமாச்சி, இப்பப் போயி பேரு மாத்திருக்காரு." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஐசி அடையாளக் கார்டுல உள்ள பேரு ஒத்து வரலன்னா வீடு இல்லன்னு சொல்றாங்கலா."

சனிக்கிழமை நீ ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து பஸ் ஏறி வந்தாய். என் நிரலைப் பார்த்ததுமே சொன்னாய்: "ஒன் மிசினு முதல் ரெண்டு எழுத்தத்தான் பாக்குது, டீச்சர். அதுக்கு ரெண்டும் BA தான்."

வகுப்பில் கமலாவையும் கண்ணனையும் 'க' என்று மட்டும் பதிந்து, ஒரே நாற்காலி போட்ட மாதிரி. முதலில் உட்கார்ந்த தகப்பனைப் பின்னால் வந்த கோயில் வரிசை லயம் எழுப்பிவிட்டது.

"பேனாவால திருத்திக் குடுத்துடுறேன்," என்றேன்.

"இந்த வாரம் திருத்துவ. அடுத்த வாரம் புதுசா பதிஞ்சா மறுபடியும் வரும்லா."

பிறகு இரண்டு நிரலுக்கும் ஒரே விதி எழுதினாய். பெயர்களின் முதல் இரண்டு எழுத்து ஒன்றாக இருக்கக்கூடாது; தகப்பனுக்கு BAPA போய், அதே பொருளுள்ள AYAH வந்தது. நடுவில் சிறுகோடு கூடாது. கோபோல் அதை ஏற்கும், பேசிக் கழித்தல் குறி என்று நினைத்துவிடும். விதி மீறிய பெயர் இருந்தால் விவரத்தையே வாங்காத சிறு நிரல் ஒன்றையும் சேர்த்தாய். அது முதலில் திருப்பி அனுப்பியது உன் கோபோலைத்தான்.

"ஒன்னோடது நல்லாத்தானே ஓடுது, அத ஏன் தொடுற?"

"எனக்கு ஓடுது. ஒனக்கு ஓடலயே."

நல்லபடி ஓடிக்கொண்டிருந்த நிரலை அன்று முழுக்கப் பிரித்து மாற்றினாய். மறு அச்சில் அக்காவின் தகப்பன் தன் பெயரோடு வந்தார். வீடும் வந்தது.

நீ போனபின் யாரோடு சேர்ந்து வேலை செய்தாலும், என் பக்கம் சரி என்று தெரிந்ததும் நான் எழுந்துவிடுவதில்லை. எதிரில் இருப்பவரிடம் ஒருமுறை கேட்கிறேன்: "ஒங்களுக்கு ஓடுதா?"