நெற்றி வரைக்கும் முடி

பிப்ரவரி 22
பனி. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. தலையணை உறையில் குட்டிக் குட்டியாக முடி. போன மாதம் பின்தலையிலிருந்து எடுத்து முன்தலையில் நட்டதுதான். டாக்டர் அன்றே சொன்னார்: நட்டது முதலில் உதிரும், வேர் உள்ளே இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் புதிதாக முளைக்கும், முழுசாகத் தெரிய ஒரு வருடம். நெல் நாற்றும் பிடுங்கி நட்டதும் பழுத்து வாடித்தான் நிற்கும். பிறகு பச்சை பிடிக்கும். விவசாய வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இப்போது நானே வயல்.

கிரிவலப் பாதையில் காலை நடை. ராஜமாணிக்கம் (கணக்கு வாத்தியார், எனக்கு முன்பே ஓய்வு) என் தலையை உற்றுப் பார்த்தார். "இன்னா சார், நட்டதெல்லாம் பட்டுப்போச்சா?"

"பொறுங்க சார்."

வீட்டில் மனைவி சரோஜா தலையணை உறையைப் பார்த்தாள். சாமி அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

அடுத்த தை மாதம் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். தாரை வார்க்கும் போட்டோவில் முடியோடு நிற்க வேண்டும். அவள் பிறந்ததிலிருந்து ஒரு போட்டோவிலும் எனக்கு முன்முடி இல்லை.

மே 30
கொடும் வெயில். மோட்டார் ரிப்பேர். நெற்றிக்கு மேல் பூனை மயிர் போல ஏதோ! ராஜமாணிக்கத்திடம் காட்டினேன்.

"அழுக்கா இருக்கப்போவுது சார்." கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். போகவில்லை. இரண்டு பேருக்கும் டீ நான் சொன்னேன்.

செப்டம்பர் 14
வாங்க: துவரம்பருப்பு, ஊதுவத்தி, சீப்பு (எனக்கு).

பாதிக்கு மேல் நரைதான். இருக்கட்டும். உச்சியில் இன்னும் மெல்லிசு. அங்கே நாள் ஜாஸ்தி பிடிக்குமாம். தேன்மொழி கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்று, "அப்பா, வகிடு கோணலா இருக்கு" என்றாள். கோணல் வகிடு! எனக்கு! நாளெல்லாம் அதே நினைப்பு.

நவம்பர் 12
விடாத மழை. அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்தது. சரோஜா இட்லியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"என்னங்க, கோவப்படக்கூடாது. அன்னிக்கு முடி உதிர்ந்துச்சு இல்ல? நல்லா வளந்தா மொட்டை போடறோம்னு குலசாமிக்கு வேண்டிக்கிட்டேன்."

"யாருக்கு மொட்டை?"

"உங்களுக்குத்தான். முடி உங்களுதுதானே?"

"கல்யாணம் முடியட்டும்."

"வேண்டுதல பாக்கி வச்சிக்கிட்டு பொண்ண தாரை வார்ப்பீங்களா?"

நான்காவது இட்லியைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன்.

நவம்பர் 13
டாக்டருக்கு போன். வெகுநேரம் சிரித்தார். "தாராளமா போடுங்க சார். வெளியில இருக்கறதுதான் போகும், வேர் போகாது. மாசத்துக்கு அரை அங்குலம் வளரும்."

அரைக்கீரை மாதிரி. அறுத்தால் மறுபடி தழையும். ஆனால் தைக்குள் ஓரங்குலம்தான். வகிடு எடுக்க முடியாது. குலசாமி கோயில் ஞாபகமும் வந்தது. குழந்தை தேன்மொழிக்கு அங்கே மொட்டை போட்ட அன்று, முடி இறக்கும் தணிகாசலம் என் தலையைப் பார்த்து, "சாருக்கு சாமியே போட்டு விட்டுட்டாரு" என்றான். உறவெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல்.

மாலை சரோஜாவிடம் சரி என்றேன். பூரி சுட்டாள்.

நவம்பர் 23
வானம் வெளுத்தது. கீழ்பென்னாத்தூர் தாண்டி வேனில் எல்லோரும். அதே கோயில், அதே தணிகாசலம், இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். தண்ணீர் தெளித்து நெற்றியில் கத்தி வைத்தான். சரக், கத்தி நின்றது.

"இன்னா சார் இது, முன்னாடி இவ்ளோ மண்டிக் கெடக்குது? யம்மா, இன்னொரு சொம்பு ஊத்தும்மா!"

சரோஜா ஊற்றினாள். உறவு முழுக்கச் சுற்றி நின்று பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. மடியில் முடி விழுந்துகொண்டே இருந்தது. என்ன சத்தம் அது! காதிலேயே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன், முடிந்துவிடக் கூடாதே என்று.

நவம்பர் 25
இளவெயில். பத்திரிகை உறைகளில் மஞ்சள் தடவும் வேலை. ராஜமாணிக்கம் வந்தார். "எல்லாம் போச்சா சார்?" தேன்மொழி என் தலையைத் தடவினாள், பின்னாலிருந்து மெதுவாக முன்னால். ராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டாள்.

"மாமா, நீங்களே கை வச்சுப் பாருங்க. நெத்தி வரைக்கும் சொரசொரன்னு குத்துது!"