தராசுக்கு மேல் மாட்டிய வசனம்

என் அக்காவே, அன்பு லாத்தா,

போன திங்கட்கிழமை காலையில் உன் மகள் ஜீனத், என் பீடிக் கடையில் முப்பத்தெட்டுப் பெண்களுக்கு முன்னால், என் தராசு கள்ளத் தராசு என்று சொன்னாள். பெண்கள் இலை வாங்காமல் எழுந்து போய்விட்டார்கள். நாலு நாள் கடைக்கு ஒரு கட்டுப் பீடி வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

இதை நீ அடங்கியிருக்கிற கபுரடியில் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அங்கே நீ மட்டும்தான் கேட்பாய். ஊர் முன்னால் பெயர் கெட்டவன் ஊர் முன்னால்தான் பேச வேண்டும். அதனால்தான் ஊரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

என் தொழில் உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனி அனுப்பும் பீடி இலையையும் புகையிலைத் தூளையும் நிறுத்துப் பெண்களுக்குக் கொடுப்பேன். அவர்கள் வீட்டில் சுற்றிக் கொண்டுவருவதை எண்ணி வாங்குவேன். ஆயிரம் பீடிக்கு எழுநூறு கிராம் இலை, நாற்பது கட்டு. இது பேச்சு. கையில் போனதோ அறுநூறு. ஈரச் சாக்கோடு நிறுப்பேன். இலையில் கொஞ்சம் தண்ணீரும் தெளித்திருக்கும். வாங்கும்போது உடைசலுக்கு என்று நாற்பத்தொரு கட்டு. இலை பற்றாதவர்கள் வெளியே காசு கொடுத்து வாங்கிக் கணக்கை நிறைப்பார்கள். மேலப்பாளையத்தில் நான் ஒருவன் மட்டும் செய்கிற காரியமில்லை இது. அது ஒரு சமாதானமும் இல்லை.

தராசுக்கு மேலே ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருந்தேனே, கறுப்புத் துணியில் தங்க எழுத்தில் ஒரு குர்ஆன் வசனம். துபாயிலிருந்து வரவிருந்த சிநேகிதனிடம், "தராசைப் பத்தி ஒரு ஆயத்து வாங்கிட்டு வாலே, யாவாரத்துக்குப் பரக்கத்தா இருக்கும்" என்று நான்தான் சொல்லி விட்டிருந்தேன். அவன் அங்கே கடையில் கேட்டான், கொடுத்தார்கள், கொண்டுவந்தான். ஆறு வருடமாக அதற்குப் பத்தி கொளுத்தி வைத்தேன். அந்த வசனம் வருகிற சூராவை எட்டு வயதிலேயே அரபியில் மனப்பாடமாக ஓதினவன் நான். ஒரு எழுத்துப் பிசகாது. அர்த்தத்தை யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜீனத் இப்போது பெண்கள் அரபிக் கல்லூரியில் இரண்டாம் வருடம். நீ போன பிறகு உன் பீடி அட்டையில் அவள்தான் சுற்றுகிறாள். படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். திங்கட்கிழமை வரிசையில் நின்றவள் சட்டத்தைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள்.

"மாமா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"பரக்கத்துக்கு மாட்டியிருக்கு. நீ இலைய வாங்கு."

"வாங்கும்போது நெறச்சு வாங்கிட்டு, குடுக்கும்போது கொறச்சுக் குடுக்குதவனுக்குக் கேடுன்னு எழுதியிருக்கு மாமா. மறுபடி எழுப்பிக் கேப்பாங்கன்னு நெனைக்க மாட்டானான்னும் கேட்டிருக்கு."

வரிசையில் இருந்த தலைகள் சட்டத்தின் பக்கம் திரும்பின. பிறகு இசக்கியம்மாதான் ஆரம்பித்தாள். கடை திறந்த நாளிலிருந்து சுற்றுகிறவள், வாய் சும்மா இருக்காது.

"எங்க சாமியெல்லாம் அருவாளக் காட்டித்தான் மெரட்டும். உங்க ஆண்டவரு எழுதியே குடுத்திருக்காரு. அத நீங்க கண்ணாடி போட்டுல்லா மாட்டியிருக்கீய அண்ணாச்சி."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "ஏட்டி, பிடிக்கலைன்னா வேற கடையப் பாருங்க" என்றேன். சிரிப்பு நின்றது. "இது கள்ளத் தராசு மாமா, சாக்க எடுத்துட்டு நிறுங்க" என்றாள் ஜீனத். நான் நிறுக்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவளைத் தேடி வீட்டுக்குப் போனேன். தாய்மாமனை ஊர் முன்னால் இப்படி நிறுத்தலாமா என்று கேட்கத்தான் போனேன். அவள் கத்தவில்லை. முறத்தில் இருந்த இலையைப் பைய ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "உம்மாவும் வெளிய எல வாங்கித்தான் நெறச்சா மாமா. பதினோரு வருசம். தம்பிக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவான், சொல்லாதன்னுட்டா."

லாத்தா, உனக்கும் அதே சாக்கோடுதான் நிறுத்தேன். அக்காவுக்கு ஒரு நிறை, ஊருக்கு ஒரு நிறை என்று வைத்தால் வரிசையில் பேச்சு வரும் என்று நினைத்தேன். அதை நியாயம் என்றும் நினைத்துக்கொண்டேன். காதில் கிடந்த அலுக்கத்தைக் கழற்றிக் கொடுத்து எனக்கு முதல் கடை வைத்துத் தந்தவள் நீ. தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என்ன?

பீடி சுற்றிக்கொண்டே அந்த சூராவை நீயும் முணுமுணுப்பாய். உனக்கும் அர்த்தம் தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாயா, அப்போதும் எனக்காகத்தான் ஆண்டவனிடம் துஆ கேட்டிருப்பாயா?

ஒன்று புரிந்தது. ஏழைக்கு தர்மம் கொடு என்கிற வசனம் எல்லாருக்கும் பிடிக்கும்; அது கொடுக்கிறவனைப் பெரிய ஆளாக்கிவிடும். ரமலான் நோன்பு இருபத்தேழில் இதே பெண்களுக்கு நான் அரிசிப் பை கொடுத்து, கைகட்டி நின்று அவர்கள் துஆவை வாங்கியிருக்கிறேன். அவர்கள் இலையில் எடுத்ததுதான் அரிசியாகப் போனது. சரியாக நிறுத்துக் கொடு என்கிற வசனத்துக்கு யாரும் சால்வை போடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை கம்பெனி மேனேஜரைப் பார்க்கப் போனேன். கம்பெனியிலிருந்து எனக்கு வரும் மூட்டையிலேயே ஆயிரத்துக்கு ஐம்பது கிராம் குறையும். மற்ற ஐம்பதுதான் என் கைங்கரியம். மேனேஜர் கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிற மனிதர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வேதத்துலயும் கள்ளத் தராசு அருவருப்புன்னுதான் போட்டிருக்கு அண்ணாச்சி. அத வச்சு எங்க ஆபீஸ்ல எலை வாங்க முடியுமா? உங்களுக்குக் கட்டாதுன்னா சொல்லுங்க, ஏஜென்சிக்கு நாலு பேரு காத்துக் கெடக்கான்."

காபி வாங்கிக் கொடுத்தார். கூடுதலாக ஒரு கிராம் கொடுக்கவில்லை. இரண்டு வேதமும் ஒன்றையே சொல்கின்றன, இரண்டு பேரும் தலையாட்டுகிறோம். இலை மட்டும் மேலிருந்து கீழே வரவர இளைத்துக்கொண்டே போகிறது. கடைசிக் குறை போய்ச் சேருகிற கைக்குக் கீழே கை இல்லை.

ஏஜென்சியை விட்டுவிடலாம் என்றுதான் வரும் வழியில் நினைத்தேன். டவுணில் எனக்கு இருக்கிற பலசரக்குக் கடையே போதும். ஆனால் நான் விட்டால் அந்த நாலு பேரில் ஒருவன் வருவான், அவனும் சாக்கோடுதான் வருவான். வியாபாரம் தெரிந்தவனுக்கு இது தெரியாமல் போகுமா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, ஆள் விட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் கடையில் உட்கார்ந்தோம். இசக்கியம்மா பேசினாள், ஜீனத் எழுதினாள். உனக்குக் குறைத்ததை அவளிடமே கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"என்ட்ட குடுத்தா உங்களுக்கு மனசு ஆறிரும் மாமா. வரிசையில நிக்குதவங்களுக்குக் குடுங்க."

இசக்கியம்மா இடையில் புகுந்தாள். "நல்லாச் சொன்னே தாயி. ஆனா அண்ணாச்சி, வாய்ப்பேச்சு ஆகாது. கையெழுத்து போடுங்க. நாங்க ரேகை உருட்டிதோம்."

போட்டேன். உன் தம்பி இதைத் தவற மாட்டான், லாத்தா. தவறினால், கேட்கப்படும் அந்த நாளில் நீயே முதல் சாட்சியாக வந்து நில். இந்த முறை எனக்காக வாயை மூடாதே.

பேசி முடித்தது இது: காய்ந்த இலை, சாக்கு இல்லாமல், தராசின் முகம் பெண்கள் பக்கம். வாங்குவது நாற்பது கட்டு, அதற்கு மேல் ஒரு பீடி கிடையாது. சரியில்லை என்று கழித்த பீடி சுற்றியவள் கையிலேயே திரும்பும். கம்பெனி குறைக்கிற ஐம்பது கிராமை என் கமிஷனில் வாங்கி நிறைப்பேன். இத்தனை நாள் நான் எடுத்ததற்கு ஈடாக, எழுநூறுக்கு மேல் இன்னும் ஐம்பது கிராம், பலசரக்குக் கடை லாபத்திலிருந்து. ஆயிரத்துக்கு எழுநூற்றைம்பது, முப்பத்தெட்டுப் பேருக்கும், பதினோரு வருடத்துக்கு.

இப்படிக்கு,
உன் உடன்பிறந்த தம்பி
காதர்