வலது கை, இடது கை

சிதம்பரம்
21.6.2025

அன்புள்ள மலருக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நீ அனுப்பிய பலாப்பழமே சொல்லிவிட்டது. காடாம்புலியூரிலிருந்து உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்டதில் பாதியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். மீதியைத் தின்று என் வயிறு ஒரு வழியாகிவிட்டது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் "சிக்னல் கட்டாவுது பிரிசி" என்று பாதியில் வைத்துவிடுவாய். இதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் நீ பதில் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை முதுநகரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். வழக்கம்போல உன் வகுப்பு வீடியோவைப் போட்டேன். நீ கேள்வி கேட்கிறாய், ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் கை தூக்குகிறது. என் வாசிப்பு முறைக்கு அந்த வீடியோதான் சாட்சி என்று ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் புதிதாக வேலைக்கு வந்த இளமதி என்கிற பெண் எழுந்தாள். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. அதுல பாதிப் புள்ளைங்க நொட்டாங்கையத் தூக்குதே, எல்லாருக்கும் அந்தப் பழக்கமா?" என்றாள். கூடமே சிரித்தது.

எனக்கு மட்டும்தான் புரியவில்லை. டீ குடிக்கும்போது ஒருவர் சொன்னார்: "அதிகாரி வந்தா நடக்கறதுதான் மேடம். தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. ஆனா எல்லாரும் தூக்கிடணும். டீச்சர் வலது கையாப் பாத்துக் கேப்பாங்க." இத்தனை நாள் கைதட்டியவர்கள் எல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் தட்டியிருக்கிறார்கள். வெட்கத்தில் உடம்பு கூசிப்போயிற்று.

ஜூலையில் கடலூரில் மாவட்டக் கல்விக் குழு கூடுகிறது. என் முறையை மாவட்டம் முழுக்க எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அன்றைக்குத்தான் முடிவு. நான் காட்டப்போவது இந்த வீடியோவை. விருதுக்கு உன்னைப் பரிந்துரைத்து எழுதியதும் இதை வைத்துத்தான். சொல்லு மலர், அப்படியா நடந்தது?

உன்
பிரிசில்லா


குறிஞ்சிப்பாடி
26.6.2025

அருமைப் பிரிசிக்கு,

ஆமாம், அப்படித்தான் நடந்தது. இதற்கு இவ்வளவு நீளமா?

அன்றைக்குக் காலையை நினைத்துப் பார். பிரேயர் முடிவதற்குள் கேமராக்காரரோடு வந்து இறங்கினாய். உன் கையில் இருந்த தாளில் எத்தனை பிள்ளைகள் கை தூக்கினார்கள் என்று ஒரு கட்டம். "மலரு, என் மானத்தக் காப்பாத்துடி, ஒரு கைகூட கீழ இருக்கக் கூடாது" என்றது யார்? காப்பாற்றினேன். இப்போது நான் கெட்டவளா?

நீ இரண்டு வருஷம் வகுப்பெடுத்துவிட்டு மைக் பிடிக்கப் போய்விட்டாய். என் ஒரே அறையில் மூன்று வகுப்பு. ஒன்றாம் வகுப்பு அழும், இரண்டாம் வகுப்பு ஒண்ணுக்குப் போகக் கேட்கும், மூன்றாம் வகுப்பு அடித்துக்கொள்ளும். இதில் உன் வாசிப்பு முறை வேறு. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கிறது நீ பேசுவது.

பரிந்துரை விஷயத்தைத் தலைமையாசிரியர் சடையப்பன் சார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பால்காரர்கூட என்னை "விருது டீச்சர்" என்கிறார். இத்தனை வருஷத்தில் எனக்கென்று வந்த ஒரே நல்ல பேர் இது பிரிசி. வீடியோவைக் காட்டு, காட்டாமல் போ. வாயை மட்டும் திறந்துவிடாதே. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உன்
மலர்


சிதம்பரம்
12.7.2025

அன்புள்ள மலருக்கு,

திட்டப்போகிறாய். உட்கார்ந்து படி.

நேற்று குழுவில் சொல்லிவிட்டேன். இந்த வீடியோவை நம்பாதீர்கள், இதில் பாதிப் பிள்ளைகளுக்கு விடை தெரியாது, ஆசிரியரை அப்படிச் செய்யவைத்தது என் தாளில் இருந்த கட்டம் என்றேன். உனக்காக எழுதிய பரிந்துரையையும் திரும்ப வாங்கிவிட்டேன். பொய் என்று தெரிந்தபிறகு அதன் கீழே என் கையெழுத்து இருக்க முடியாது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். இருந்தாலும் செய்தது செய்ததுதான்.

குழுத் தலைவர் கேட்டார்: "அப்ப உங்க முறையே வேலைக்காவாதுன்னு எடுத்துக்கலாமா?"

"அரையாண்டு வரைக்கும் டைம் குடுங்க சார். அதே ஸ்கூல், அதே புள்ளைங்க. நானே வந்து எடுக்குறேன். டிசம்பர்ல வந்து பாருங்க. இடது கை தூக்குனதுங்க அப்பவும் வாசிக்கலைன்னா, இந்த வேலைய விட்டுடுறேன்" என்றேன்.

ஒத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் உன் வகுப்புக்கு வருகிறேன். நீ முகம் கொடுத்தாலும் வருவேன், கொடுக்காவிட்டாலும் வருவேன்.

என்றும் உன்
பிரிசில்லா


குறிஞ்சிப்பாடி
16.7.2025

கல்வி ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் வருகைக்கான உத்தரவு கிடைத்தது. அறைச் சாவி சடையப்பன் சாரிடம் இருக்கும். அறையில் நாற்காலி ஒன்றுதான். தாங்களே உட்கார்ந்துகொள்ளலாம்.

இன்றைக்குப் பால்காரர் என்னை "டீச்சர்" என்று மட்டும் கூப்பிட்டார்.

இனித் தங்களோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு
ச. மலர்க்கொடி
இடைநிலை ஆசிரியை


உன் பள்ளி, சாப்பாட்டு நேரம்
12.9.2025

மலர்,

உனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுகிறாய். பேச மாட்டாய், சரி. படிப்பாய் அல்லவா? உன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

எனக்கு வேலை ஓடவில்லை. பட அட்டை, கதை, பாட்டு எல்லாம் கொண்டுவந்தேன். பிள்ளைகள் என்னைக் கண்டாலே அதிகாரியைக் கண்டதுபோல விறைத்துவிடுகிறார்கள். யாருக்குத் தெரியும் என்று கேட்டால் உடனே எல்லாக் கையும் மேலே போகிறது. ஒவ்வொரு வாரமும் எரிச்சலாக வந்தது. இந்தப் பழக்கத்தை முதலில் ஒழிக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கு வந்தேன்.

ஆனால் காலையில் பவானி இடது கையைத் தூக்கினாள். பக்கத்தில் போய், "தெரியாதாடா கண்ணு?" என்றேன். "தெரியாது மிஸ்" என்றாள், கொஞ்சமும் பயமில்லாமல். நான் போய்ப் பார்த்த எத்தனையோ பள்ளிகளில் எந்தப் பிள்ளையும் தெரியாது என்று இவ்வளவு லேசாகச் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொள்ளும், இல்லை, பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைகள் ஒருநாளும் உன்னிடம் பொய் சொல்லவில்லை மலர். ஏமாந்தது கேமராவும் நானும்தான்.

அதனால் இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டாம். வலது கையை விட்டுவிட்டு, இடது கையை முதலில் கேட்போம். வாரத்துக்கு ஒருநாள் வருகிற நான் மட்டும் கேட்டால் ஆகாது. மற்ற நாளெல்லாம் நீ கேட்க வேண்டும். உன் கோபம் உன்னோடு இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டே கேள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவேன்.

பிரிசில்லா


குறிஞ்சிப்பாடி
13.12.2025

பிரிசில்லாவுக்கு,

புவனகிரியில் ரோட்டில் தண்ணீர், பஸ் இல்லை என்று நேற்று நீ சடையப்பன் சாருக்குப் போன் செய்தாயாம். குழுவோ கடலூரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிவிட்டது. ஆலோசகர் எங்கே என்று கேட்டார்கள். சார் என் முகத்தைப் பார்த்தார். "நான் எடுக்குறேன் சார்" என்றேன்.

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. ஆனால் மறு திங்கட்கிழமையிலிருந்தே இடது கையை முதலில் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். உனக்காக இல்லை. நீ சொன்னது சரியாக இருந்தது, அந்த எரிச்சலில் கேட்டேன். பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கியதை நீயும் பார்த்தாய். பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தாயே, அதற்கு நன்றி.

நேற்று பலகையில் புது வரி ஒன்று எழுதினேன். கைகள் எழுந்தன. தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு அந்த நிமிஷம் ஆசை வந்தது பிரிசி, மறைக்கவில்லை. அன்புமணி வலது கையைத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறான். அவனைக் கேட்டால் கடகடவென்று வாசிப்பான், இவர்களும் கிளம்பிவிடுவார்கள், எனக்கும் போன பேர் திரும்ப வரும். தொண்டைவரை அவன் பேர் வந்துவிட்டது.

அவர்கள் பக்கம் திரும்பி, "சார், வலது கை தூக்குனதுங்களுக்குத் தெரியும். இடது கை தூக்குனதுங்களுக்கு இன்னும் தெரியாது. இங்க இடது கையத்தான் மொதல்ல கேப்போம்" என்றேன். பவானியைக் கூப்பிட்டேன்.

இரண்டு இடத்தில் முட்டினாள். எழுத்துக் கூட்டினாள். அன்புமணி சொல்லிக்கொடுக்கப் போனான். "சும்மார்ரா" என்று அதட்டினேன். முழு வரியையும் வாசித்துவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொரு தரமும் வாசித்தாள்.

"ஜூன்ல இந்தப் பொண்ணு எப்படி?" என்றார் தலைவர்.

"ஒரு எழுத்துகூடத் தெரியாது சார்."

"இன்னும் எத்தினி பேரு வாசிக்கல?"

"எண்ணிக்குங்க சார், இடது கைய இன்னும் எறக்கல" என்றேன். வீடியோவில் இருந்ததைவிட ரொம்பக் குறைவு. இருந்தாலும் இருக்கிறது. அவர் எண்ணினார். கிளம்பும்போது, "அந்த வீடியோ இனிமே வேணாம். அடுத்த வருஷம் மாவட்டம் முழுக்க வேலைய ஆரம்பிக்கச் சொல்லுங்க உங்க பிரிசில்லா மேடத்த. டீச்சருங்கள இங்க கூட்டியாந்து காட்டச் சொல்லுங்க" என்றார். ஜெயித்துவிட்டாயடி.

பரிந்துரையை நீ திரும்ப வாங்கியது எனக்கு இன்னும் வலிக்கிறது. நீ செய்தது நியாயம் என்று தெரிந்தும் வலிக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தண்ணீர் வடிந்ததும் வா. நாற்காலி இன்னொன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தயிர்சாதம் உனக்கும் சேர்த்துக் கட்டுகிறேன். வந்ததும் வராததுமாக, கோபம் போயிற்றா என்று மட்டும் கேட்காதே. கேட்டால் இப்போதைக்கு நான் இடது கையைத்தான் தூக்குவேன்.

உன்
மலர்