பத்தாயத்துக்குள் எறும்புக் குப்பி

பெருமாட்டி,
பங்குனி, வியாழக்கிழமை.

அன்பு மகள் பழனாத்தாளுக்கு அப்பன் ரத்தினசாமி எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மாகாளியம்மன் துணையிருக்கட்டும். இங்கே நானும் உங்கம்மாவும் சுகம். உன் மகள் சாந்தாமணியும் சுகந்தான், இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறாள், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி கண்ணு.

அவள் எறும்பு வளர்ப்பதை முன்னமே எழுதியிருந்தேன். ஐப்பசி மழைக்கு றெக்கை உதிர்ந்து கிடந்த பெரிய கட்டெறும்பு ஒன்றை ஹார்லிக்ஸ் குப்பியில் ஈரமண் போட்டு விட்டாளே, அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து இப்போது ஒரு கூட்டமே ஆகிவிட்டது. பஞ்சை நனைத்து வைப்பது அவள் வேலை, ஈ அடித்துக் கொடுப்பது என் வேலை, வெயில் ஏறினால் குப்பியைத் தண்ணிப் பானையோடு ஒட்டி வைப்போம். நீ போன ஏக்கத்தில் சோறு தின்னாமல் கிடந்த பிள்ளை எறும்புக்கு வைத்துவிட்டுத் தானும் தின்ன ஆரம்பித்தாள், அதனால் உங்கம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

முந்தாநாள் கொசு மருந்து அடிக்கிறவர்கள் வந்தார்கள். அதில் ஒருத்தர், இது பட்டால் கொசு மட்டுமல்ல எறும்புகூட மிஞ்சாது என்று சொன்னதைப் பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள், நாங்கள் கவனிக்கவில்லை. சுவரோரச் சாமானையெல்லாம் எடுக்கச் சொன்னார்கள். நானும் தோட்டத்தாள் காளிச்சாமியும் பாய், பாத்திரம், அண்டா எல்லாவற்றையும் நெல்லுப் பத்தாயத்தின் மூடிமேல் குவித்துச் சாக்குப் போட்டு மூடினோம். அவர்கள் அடித்துவிட்டுப் போனார்கள். சோறு தின்னக் கூப்பிட்டால் பிள்ளையைக் காணோம். தென்னந்தோப்பு, கால்வாய், பக்கத்துக் களம், எங்கும் இல்லை. கிணற்றில் பார்த்துவிடலாம் என்று காளிச்சாமி கயிறு கேட்டான். நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். கயிறு எடுக்கப் போன உங்கம்மா சாக்கை இழுத்திருக்கிறாள், பத்தாயத்து மூடி இடுக்கில் பச்சைப் பாவாடைத் துணி நீட்டிக்கொண்டிருந்தது. உங்கம்மா போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

அண்டாவைத் தள்ளி மூடியைத் தூக்கினோம். அடியில் கிடந்த கொஞ்ச நெல்லின்மேல் பிள்ளை வேர்த்து நனைந்து சுருண்டு கிடக்கிறாள், உதடு வெளுத்திருக்கிறது, குப்பி நெஞ்சோடு இருக்கிறது, அதன் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டிருக்கிறாள், கழுத்தெல்லாம் எறும்பு. முகத்தில் தண்ணீர் அடித்து விசிறியதும் கண் திறந்தாள். சித்தூர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், நல்ல நேரத்தில் எடுத்தீர்கள், இனிப் பயமில்லை என்றார்.

ஏன் கண்ணு கூப்பிடலை என்று சாயங்காலம் கேட்டேன். சத்தம் போட்டாக் கண்டுபிடிச்சு மருந்து அடிச்சுருவாங்கன்னு கம்முனு இருந்தனுங்க அப்புச்சி, உள்ள காத்து கொஞ்சமாத்தான் இருந்துச்சு, எறும்புக்குப் பத்தாம போயிருமேன்னு மெல்ல மெல்ல மூச்சு உட்டனுங்க என்றாள். பிள்ளை உள்ளே இருக்க அதன்மேல் அண்டாவைத் தூக்கி வைத்தது இந்தக் கைதான் அம்மணி. அன்று ராத்திரி முழுக்க உங்கம்மா அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எறும்பில் பாதிக்கு மேல் போய்விட்டது, பெரியது பிழைத்திருக்கிறது. மருந்து அடிக்காத பம்புசெட் அறையில் குப்பியை வைத்திருக்கிறோம், காலையில் நானும் அவளும் போய்ச் சர்க்கரைத் தண்ணி வைத்து வந்தோம்.

வீடு கிடைத்துவிட்டதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். சித்திரைக்குள் வந்து பிள்ளையைக் கூட்டிப்போங்கள், இனி தள்ளிப்போட வேண்டாம். இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நீடூழி இருங்கள். பதில் எழுதும்போது அவளைத் திட்டிவிடாதே. எறும்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேள், அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பன்
பெ. ரத்தினசாமி