ஐந்தாம் தந்திக்கு ஒரு கேப்போ

ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

உன் அத்தான் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அப்போது நீ எழுதிய ஆறுதல் கடிதத்துக்கு இன்றுதான் பதில். தாமதமானால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கான்வென்ட்டில் சொல்லித்தந்தார்கள், கேட்கிறேன்.

பெட்டியில் கிடந்த என் பாஞ்சோவை வெளியே எடுத்தேன். ஆகஸ்டில் அவர் நினைவுநாளுக்கு நீ வந்து பாட வேண்டும், நான் வாசிக்க வேண்டும். உன் குரலுக்குச் சுருதியை இரண்டு ஃப்ரெட், அதாவது பாஞ்சோக் கழுத்தில் இரண்டு கட்டம், ஏற்ற வேண்டும். நீண்ட நான்கு தந்திகளை அழுத்திப் பிடிக்கச் சாதாரண கேப்போ, அந்தக் கவ்வி, போதும். ஐந்தாவது குட்டைத் தந்தி, கழுத்தின் நடுவில், ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்குவது. அதற்குத் தனியாக ஒன்று வேண்டும். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, ஏழாவது ஃப்ரெட்டை ஒட்டி அடிக்கும் குட்டி ஆணி. தந்தியை அதன் கீழே நுழைத்தால் போதும். மற்றது, கழுத்தோரத்தில் திருகி வைக்கும் கம்பியில் நகரும் கொக்கி. "ஆணிதாம்மா நல்லது, கண்ணுக்கே தெரியாது" என்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஆணி என்று ஒன்று உண்டா?

எது வேண்டும் என்று நீ சொல். பாடுகிறவள் நீ.

அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் இதே ஆணியை அடிக்கச் சொல்லித்தான் கெஞ்சினேன். "உன் தொண்டைக்காக என் பாஞ்சோவில ஓட்டை போடணுமா? நீ சுருதி இறங்கிப் பாடு" என்றாய். இறங்கினேன். மண்டபத்தில் முதல் வரி வெறும் காற்றாக வந்தது. முன்வரிசை சிரித்தது. அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. அத்தான் மட்டும் வாசல்வரை ஓடிவந்து, "தப்பு உன் மேல இல்லம்மா. நான் சொன்னேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிடாதே, எனக்குச் சோறு கிடைக்காது" என்றார்.

எதையும் வாங்காதே. தைராய்டு அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வருடமாகிறது. அதில் பாடும் குரல் போயிற்று. போனில் பேசினால் "சொல்லுங்க சார்" என்கிறார்கள். ஏற்றுவதற்கு இனி ஒன்றுமில்லை.

தங்கை

ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்கப் பொறுமையும் இல்லை. ஆணியே அடித்தாயிற்று. சுத்தியல் விழும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. "ரெண்டு நிமிஷ வேலை, இதுக்கா இவ்ளோ யோசிச்சீங்க?" என்றார் கடைக்காரர்.

அக்கா

ஜூன் 22

தங்கைக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

வாசலில் உன்னிடம் சொன்னதை அவர் அன்றே என்னிடமும் சொன்னார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. சொன்னது பொய்யாக இருந்திருந்தால் பேசியிருப்பேன்.

நான்கு தாள் எழுதிக் கிழித்தேன். நான்கிலும் இருந்த ஒரே வரி இது: தவறு என்னுடையது.

ஆஸ்பத்திரியில் உன்னோடு யார் இருந்தார்கள்?

பாட வேண்டாம். வந்து பக்கத்தில் உட்கார், போதும். நான் யாரையும் இப்படிக் கேட்டதில்லை.

அக்கா

ஜூலை 1

அக்காவுக்கு,

யாரும் இல்லை. பக்கத்துப் படுக்கை அம்மாள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

கோபம் போய்விட்டது, நிஜமாகவே. ஆனாலும் நான் வரவில்லை. பாஞ்சோவின் ஒலி கேட்டால் என் வாய் தானாகத் திறக்கும். அன்று போல வெறும் காற்றுதான் வரும். உன் முன்னால் இன்னொரு முறை அது வேண்டாம், அக்கா.

தங்கை