குழல்வாய்மொழிக்கு வாத்தியார் தேடிய கதை

தென்காசி,
6-11-1938.

சிரஞ்சீவி நாறும்பூநாதனுக்கு உன் அப்பா சிவசைலம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதியாக வேண்டும், எழுதிவிட்டேன். அதற்கு மேல் கேட்டால், ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விட்டபாடில்லை, பூஜை அறைக்கு மேலே ஓடு ஒழுகுகிறது, உன் அம்மாவுக்கு இளைப்பு திரும்பிவிட்டது, என் முழங்கால் இரண்டும் என்னை முந்திக்கொண்டு கிழடாகிவிட்டன. பிசான நெல் நடவுக்கு ஆள் சொல்லிவைத்தால் மழையைச் சாக்குச் சொல்லிப் பாதிப் பேர் வருவதில்லை. நீ பம்பாயில் வேளாவேளைக்குச் சாப்பிடு, ஓட்டல் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துக்கொள், சனிக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வை. உன் கடிதம் கிடைத்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஏன் ஒரு தகவலும் இல்லை, தங்கச்சிக்கு டியூஷன் ஒழுங்காக நடக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். இரண்டும் ஒரே சமாசாரம்தான். ஆரம்பத்திலிருந்து எழுதினால்தான் உனக்கு நியாயம் தெரியும், அதனால் அவசரப்படாமல் கடைசிவரை படி. இன்னொரு தடவை இதை எழுத எனக்குத் தெம்பு கிடையாது.

குழல்வாய்மொழி பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினோம், அது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பரீட்சையை வீட்டிலிருந்து படித்தே எழுதட்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய், நானும் சரி என்று தங்கசாமி மாஸ்டரை ஏற்பாடு செய்தேன். ரிட்டையரான மனுஷர், கணக்கில் புலி என்று ஊரெல்லாம் பெயர். நம் வீட்டு வழக்கப்படி அவர் முன்புறப் பட்டாசாலையில் நாற்காலி போட்டு உட்காருவார், இவள் உள்ளறையில் கதவுக்குப் பின்னால் உட்காருவாள். அவர் இங்கிருந்து பாடம் சொல்லுவார், அவள் சிலேட்டைக் கதவிடுக்கு வழியாக நீட்டுவாள், அவர் தப்புக்குப் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி நீட்டுவார். விளங்கிற்றா என்று கேட்பார், உள்ளேயிருந்து சத்தமே வராது. சத்தம் வராவிட்டால் விளங்கிவிட்டது என்று அவர் கணக்கு. பெரியவளான பெண் அந்நிய ஆம்பிளையிடம் வாய் கொடுக்காமல் இருக்கிறாளே, என்ன அடக்கம், என்ன வளர்ப்பு என்று வந்தவர் போனவர் எல்லாரும் உன் அம்மாவிடம் மெச்சினார்கள், அவளும் பூரித்துப்போனாள். ஒரு வருஷம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. போன பங்குனியில் பரீட்சை எழுதினாள், கணக்கில் தோற்றாள் என்று ஆனியில் தெரிந்தது. மாஸ்டர் வந்து, பிள்ளைக்கு மண்டையில் ஏறாது பிள்ளைவாள், சமையலைப் பழக்குங்கள் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். உள்ளே அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை, சாப்பிடக் கூப்பிட்டாலும் மூன்றாம் தடவைக்குத்தான் வருவாள்.

பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற, தைரியம் கொடுக்கிற ஆளாகப் பாருங்கள் என்று நீ பம்பாயில் உட்கார்ந்துகொண்டு ஒரே வரியில் எழுதிவிட்டாய். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி அது சந்தையில் கிடைக்கிற சரக்கா? ஆலங்குளத்திலிருந்து ஒரு வாலிபன் வந்தான், பி.ஏ. வரைக்கும் படித்தவன், வாய் திறந்தால் இங்கிலீஷ். ஒரே கேள்வியை இரண்டாம் தடவை சொல்ல நேர்ந்தால் அவனுக்கு மூச்சு வாங்கும், உச்சுக் கொட்டுவான், கடிகாரத்தைப் பார்ப்பான். அந்த உச்சுச் சத்தம் கேட்டாலே உள்ளே அவள் சிலேட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். நானே அவனைப் போகச் சொல்லிவிட்டேன். பிறகு யாரோ சொன்னார்கள், திருநெல்வேலியிலிருந்து பெரிய பெரிய உபாத்தியாயர்கள் சாரலுக்குக் குற்றாலம் வந்து தங்குகிறார்கள், பிடித்துக் கேளுங்கள் என்று. ஆடி மாதம் இந்த முழங்காலோடு வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்கும் ஐந்தருவிக்கும் அலைந்தேன். நீ பார்த்திருக்க வேண்டும், கௌபீனத்தோடு எண்ணெய் வழிய உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய் நீங்கள் உபாத்தியாயரா என்று விசாரித்த என் லட்சணத்தை. ஒருவர் அகப்பட்டார், ஹெட்மாஸ்டராம். எண்ணெய் தேய்க்கிறவன் முதுகைப் பிசைய, அவர் கண்ணை மூடிக்கொண்டே, பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு, ஆளைக் குளிக்க விடுங்கள் ஓய் என்றார்.

பக்கத்துப் பலகையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நம் ஊர் மரக்கடை மசூது. இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, எம் பொஞ்சாதி பொம்பிளைப் பிள்ளைய பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. பாளையங்கோட்டையில டிரெய்னிங் படிச்சவ. ஆனா ஒரு கொறை சொல்லிப்புடுதேன், அவ ரொம்ப மெதுவு. கடைசிப் பிள்ளைக்கு வெளங்குற வரைக்கும் அடுத்த பாடத்துக்குப் போமாட்டா. பாடம் முடிக்கலன்னு இன்ஸ்பெக்டர் ரெண்டு வருசமா எழுதிட்டுப் போறாரு" என்றார். எனக்கு அருவியில் குளிக்காமலே உடம்பு குளிர்ந்தது. பொம்பிளை என்றால் கதவுக்குப் பின்னாலிருந்து பாடம் கேட்க வேண்டியதில்லை, இது ஏன் முதலிலேயே யாருக்கும் தோன்றவில்லை என்று வண்டியில் திரும்பும்போது நினைத்து நினைத்து எனக்கே எரிச்சலாக வந்தது. வீட்டில் வந்து சொன்னால் உன் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், துலுக்க வீட்டுப் பொம்பிளை அடுப்படி வரை வருவாளா என்று. பம்பாயில் உன் மகன் யார் கையால் சாப்பிடுகிறான் என்று தெரியுமா என்றேன், அதோடு சரி.

டீச்சரம்மா பெயர் ஹைருன் பீவி. முப்பது வயசிருக்கும், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் திரை போட்ட வண்டியில் வருவாள், மசூது வாசலில் பத்திரிகையை வைத்துக்கொண்டு தூங்குவார். முதல் நாள் அவள் ஒரு கணக்கும் போடவில்லை. உள்ளறையில் பாயில் இவள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கன வரைக்கும் உனக்குத் தெரியும் தாயி என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அரை மணி நேரம் இருக்கும், இரண்டு பேரும் சும்மாவே இருந்தார்கள், காப்பி கொண்டுபோன உன் அம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பிறகு குழலு ஓவென்று அழுதாள். ஐந்தாம் வகுப்பில் பின்னம் ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லையாம். வண்டி ஏறும்போது டீச்சரம்மா என்னிடம், "பிள்ளைக்கு புத்திக்கு ஒண்ணும் கொறைவில்ல அண்ணாச்சி. வெளங்கலன்னு வாயத் தொறந்து சொல்ல அதுக்குத் தெரியல, அதத்தான் மொதல்ல படிக்கணும்" என்று சொன்னாள். மறுநாள் ஒரு சிரட்டையும் ஒரு கைப்பிடி புளியமுத்தும் கேட்டு வாங்கினாள். ஒரு தடவை விளங்கலை என்று வாய்விட்டுச் சொன்னால் சிரட்டையில் ஒரு முத்து. ஒரு வாரம் சிரட்டை காலியாகவே கிடந்தது. அப்புறம் ஒன்று விழுந்தது, இரண்டு விழுந்தது, ஆவணி கடைசியில் சிரட்டை நிறைந்து வழிந்தது. தப்பு வந்தால் இவள் பெருக்கல் குறி போடுவதில்லை, எந்த வரி வரை சரியோ அங்கே ஒரு கோடு கிழித்து, இதுவரைக்கும் சரி, இதுக்குக் கீழே திரும்பப் போடு என்பாள். எத்தனை தடவை கேட்டாலும் அவள் குரல் ஒரே மாதிரி இருக்கும், அது எப்படி என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். விளங்கலை விளங்கலை என்று தெருவுக்கே கேட்கிறது, இது என்ன டியூஷனோ என்று உன் அம்மா முணுமுணுத்தாள். ஆனால் குழலு மூன்று வேளையும் கூப்பிடாமலே சாப்பிட வந்தாள். புரட்டாசியில் வட்டிக் கணக்கும் போட ஆரம்பித்துவிட்டாள், நான் கேட்காமலே என் நெல் கணக்கில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினாள்.

இந்த நேரத்தில்தான் நீ ஏற்பாடு செய்த அம்பாசமுத்திரத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். உன் மேலதிகாரியின் தம்பி மகன், நல்ல இடம், உன் உத்தியோகத்துக்கும் நல்லது, எல்லாம் வாஸ்தவம். மாப்பிள்ளைக்கு மாமா காந்திமதிநாத பிள்ளை, பேச்செல்லாம் அவர்தான். பஜ்ஜி, கேசரி எல்லாம் திருப்தியாக நடந்தது. குழலு வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டு உள்ளே போய்விட்டாள். தை பிறந்ததும் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றார். பங்குனியில் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறதே என்று நான் இழுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, படிப்பெல்லாம் நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் பாத்துக்கிடுவோம்" என்றார். அனுப்ப மாட்டோம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் எனக்கு அலுத்துப்போயிருந்தது நாறும்பு, இனி யாரைத் தேடி எங்கே அலைவது, நடப்பது நடக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டேன். உன் அம்மாவும் ஆட்டினாள். தாம்பாளத்தில் வெற்றிலையைக் கூட எடுத்து வைத்தாயிற்று. அப்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, கோபமும் இல்லை அழுகையும் இல்லை, பாடம் கேட்கிற அதே குரலில், "மாமா சொன்னது எனக்கு வெளங்கல. பங்குனியில பரீட்சைக்கு அனுப்புவியளா மாட்டியளா?" என்று கேட்டாள்.

உன் அம்மா, ஏட்டி சும்மா கெட என்று பல்லைக் கடித்தாள். காந்திமதிநாத பிள்ளை என்னைப் பார்த்தார், நான் பெண்ணை அதட்டுவேன் என்று எதிர்பார்த்தார். நான் அதட்டவில்லை, ஏனென்றால் அவள் கேட்டது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் இன்னொரு தடவை, அதே மாதிரி நிதானமாகக் கேட்டாள். அவர் எழுந்து, எங்க வீட்டுப் பொம்பிளைகளுக்குக் கேள்வி கேக்கிற வழக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டு மேல்வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மழையில் அவர்களை ஸ்டேஷன் வரை கொண்டுவிட வண்டி கட்டச் சொன்னேன், அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும் என்று கல்யாணத் தரகர் இரண்டு தடவை வந்து சொல்லிப் பார்த்தார். நான் எழுதவில்லை, எழுதப் போவதும் இல்லை. உன் மேலதிகாரி உன்னிடம் முகம் சுளிப்பார், அது எனக்குத் தெரியும், உன் நிலைமையை நினைத்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. தகப்பனுக்குப் பிடிக்கவில்லை என்று சொல், பழி என் மேல் கிடக்கட்டும். பொறுமையான ஆளாகப் பாருங்கள், தைரியம் கொடுக்கிற ஆளாகப் பாருங்கள் என்று நீதான் எழுதினாய். பார்த்தேன், கிடைத்தது, தைரியம் வந்துவிட்டது. வந்த தைரியத்தைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள் என்று பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்லுவது? டீச்சரம்மா நடந்ததைக் கேட்டு, தன்னால்தான் வந்த வரன் போயிற்று என்று நாளையிலிருந்து நின்றுகொள்ளட்டுமா என்றாள். வழக்கம்போல வாருங்கள் என்று உன் அம்மாதான் சொன்னாள், நான் இல்லை. பங்குனியில் திருநெல்வேலிக்கு நானே ரயிலில் கூட்டிக்கொண்டு போய் எழுதவைக்கப் போகிறேன், தேறுவாளோ மாட்டாளோ அது சுவாமி விட்ட வழி.

குற்றாலநாத சுவாமி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்துக் காப்பாற்றட்டும். ஆபீஸில் யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே, உடம்பைப் பார்த்துக்கொள், தீபாவளிக்கு வர முடியாததற்கு வருத்தப்படாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாமல் செய்ய வேண்டும். அன்றையிலிருந்து குழலு என்னிடம், அண்ணனுக்கு எம் மேல கோவமாப்பா என்று தினமும் கேட்கிறாள். எனக்குத் தெரியாது, அவனைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதிலை நீ எனக்கு எழுதாதே. எனக்கு வருகிற கடிதத்தை எல்லாரையும் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தே பழகிவிட்டது. உறைமேல் குழல்வாய்மொழி என்று அவள் பெயரை எழுதி, அதற்குக் கீழே கேராஃப் போட்டு என் பெயரை எழுது. இந்த வீட்டில் எந்தப் பொம்பிளை பெயருக்கும் இதுவரை ஒரு தபால் வந்தது கிடையாது. வந்தால் நான் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நன்மையே நினைக்கும் அப்பா,
சிவசைலம்