வெள்ளிக்கிழமை அழைப்பு

மார்ச் 14, 2006, செவ்வாய்

இன்னைக்கு எனக்கு, லீவு கேட்கிறதுக்கான புரோகிராமை ஆபீஸ் மெயில் சர்வர் காலண்டரோட இணைக்கிற வேலை. என் காலண்டர்ல மட்டும் சோதிச்சிருக்கணும். சோம்பேறி நான், எல்லார் காலண்டரையும் திறக்கிற அட்மின் கணக்குலயே ஓட்டிட்டேன். எச்.ஆர். மேடம் இன்னும் அனுப்பாம வெச்சிருந்த வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு, அதுல இருந்த ஆறு பேருக்கும் அழைப்பு போயிடுச்சு. பதறிப்போய் மேடத்தோட குறிப்பைத் திறந்தேன். ஆறு பேருக்கும் அன்னைக்கே வேலையில கடைசி நாள்.

அழைப்புல நேரம் மட்டும்தான் இருக்கு. அந்த ஆறு பேர்ல ஒருத்தியான பக்கத்து சீட் கவிதா தனக்கு வந்ததைப் பார்த்துட்டு, "புரமோஷன்தான்டி! நல்ல நாளா பார்த்துக் கூப்பிட்டிருக்காங்க"ன்னா. நானும் சிரிச்சு வெச்சேன்.

எந்த மெஷின்லேர்ந்து என்ன செஞ்சாங்கன்னு பதியற சர்வர் லாக்ல என் மெஷின் பேர் இருக்கு. நாளைக்குக் கண்டுபிடிச்சிடுவாங்க. அதைவிட பயம், காலையில ஆபீஸ் பஸ். கவிதா எனக்கு சீட் பிடிச்சு வெச்சிருப்பா.